பன்னிரண்டு நாள் போனும் இரண்டு ஜாப் ஷீட்டும்

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். பன்னிரண்டு நாள்களுக்கு முன் உங்கள் ஊர்க் கடையில் 18,999 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கினீர்கள். நான்காம் நாளிலிருந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே அது அணைந்து தானாக மீண்டும் எழுகிறது. கடைக்காரர் "விற்றதோடு எங்கள் வேலை முடிந்தது, சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்" என்கிறார். ஆறாம் நாளும் ஒன்பதாம் நாளும் அங்கே போனீர்கள். இரண்டு முறையும் சாஃப்ட்வேர் போட்டுத் தந்தார்கள். இரண்டு முறையும் வீடு வந்து சேர்வதற்குள் பழைய குருடி கதவைத் திறடி. "இது உற்பத்திக் குறைபாடா? புதிய போன் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா?" என்று முடித்திருக்கிறீர்கள். இரண்டாம் முறை படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு. போனில் கோளாறு இருப்பதில் உங்களுக்கு எந்த ஐயமும் இல்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டியவர்களை எப்படி ஒப்புக்கொள்ள வைப்பது என்று தெரியாமல்தான் தவிக்கிறீர்கள்.

ஒரு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் கவுன்டரில், மீதி உள்ளே பழுது பார்க்கும் மேஜையில். இப்போது சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில் சொந்தக் கடை. போனைப் பழுதுக்குக் கொடுக்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கும் அந்த வேலைத் தாளை, ஜாப் ஷீட்டை, ஆயிரக்கணக்கில் எழுதியவன் என்பதால், அதில் என்ன எழுதுவார்கள், எதை எழுதாமல் விடுவார்கள் என்று தெரியும். வழக்கறிஞன் அல்ல. வாடிக்கையாளர் சிலருக்காக நுகர்வோர் ஆணையத்தில் தொழில்நுட்ப விளக்கம் சொல்லப் போனதில் காதில் விழுந்து, பிறகு சட்டத்தை எடுத்துப் படித்துத் தெரிந்துகொண்டதுதான் நான் சொல்லும் சட்டம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். போனைக் கையில் எடுக்காமல் "இது உற்பத்திக் குறைபாடுதான்" என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அந்தப் பக்கம்தான் சாய்கின்றன. மின்னணுப் பொருள்கள் கெடுவதற்கு இரண்டு பருவங்கள் உண்டு: வாங்கிய புதிதில், அல்லது தேய்ந்து ஓய்ந்த பிறகு. இடைப்பட்ட காலம் பெரும்பாலும் அமைதியாகப் போய்விடும். தர ஆய்வாளர்கள் இதை வரைந்தால் குளியல் தொட்டியைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல இருக்கும். இரண்டு ஓரமும் உயரம், நடுவில் பள்ளம். தொழிற்சாலைச் சோதனைக்குத் தப்பிய பலவீனங்கள் முதல் ஓரத்தில்தான் வெளியே வரும். நான்காம் நாள் அந்த ஓரத்தில் வருகிறது.

என்ன பலவீனம்? போனுக்குள் இருக்கும் பிராசசர் சிப்புக்குக் கால்கள் கிடையாது. அதன் அடியில் ரவைக்கும் சிறிய சால்டர் குண்டுகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக இருக்கும். வெள்ளீயத்தில் கொஞ்சம் வெள்ளியும் செம்பும் கலந்தவை. சிப்புகள் உட்கார்ந்திருக்கும் பலகையான போர்டு ஒரு நீண்ட சூட்டு அடுப்புக்குள் நகர்ந்து போகும்போது அவை உருகி, ஆறும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு குண்டு சரியாக உருகாமல் வெறுமனே தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் தொல்லைதான். டிரை சால்டர் என்போம். குளிர்ந்திருக்கும்போது தொடும், சூடேறினால் விலகும். நீங்கள் பேசும்போது, அதுவும் சிக்னல் குறைந்த இடத்தில் பேசும்போது, டவரை எட்டிப்பிடிக்கப் போன் தன் அலைபரப்பின் வலிமையைக் கூட்டுகிறது. மின்சாரம் அதிகம் இழுக்கிறது, அந்தப் பகுதி சூடாகிறது. "பேசும்போது மட்டும் அணைகிறது" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இதனால்தான். இதே அறிகுறி பேட்டரி இணைப்பு தளர்ந்திருந்தாலும் வரும், மின்சாரத்தைப் பங்கிடும் சிப் கெட்டிருந்தாலும் வரும். சாஃப்ட்வேர் கோளாறாலும் வரலாம். ஆனால் இரண்டு முறை சுத்தமாக அழித்துப் போட்ட பிறகும் தொடர்ந்தால் அந்தச் சாத்தியம் மிகவும் குறைந்துவிடுகிறது.

சர்வீஸ் சென்டரில் இருந்தபோது நர்சிங் மாணவி ஒருவர் தன் அப்பாவுடன் வந்தார். உங்களுக்கு இருக்கும் அதே தொல்லை. நாங்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே அப்பா "சார், இவள் கீழே போடவில்லை சார்" என்றார். மேஜையில் ஆறு மணி நேரம் ஓடவிட்டேன். ஒரு முறைகூட அணையவில்லை. "குறை காணப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் மறுபடி வந்தார்கள், மறுபடி அதே வரி. மூன்றாம் முறை அந்தப் பெண் தோழியின் போனில் எடுத்த வீடியோவுடன் வந்தார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார், போன் அணைகிறது, நிறுவனத்தின் சின்னம் எழுகிறது. அந்த வீடியோவில் அவருடைய கட்டை விரல் போனின் இடது மேல் ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். முதுகு மூடியைக் கழற்றி, ஓர் அழைப்பைப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக் குச்சியால் மெல்ல அழுத்தினேன். அணைந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி அணைந்தது. போர்டு மாற்றினோம்.

முதல் இரண்டு முறையும் நான் பொய் எழுதவில்லை. என் மேஜையில் கோளாறு வரவில்லை, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்றால், அது ஏசி அறை; எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் டவர்; போனை யாரும் கையில் பிடிக்கவில்லை, ரப்பர் விரிப்பின்மேல் கிடந்தது. சர்வீஸ் சென்டர் என்பது ஒரு போன் நன்றாக நடந்துகொள்வதற்கு எல்லா வசதியும் உள்ள இடம். அங்கே "குறை இல்லை" என்று வந்தால், அங்கே அந்த நேரத்தில் குறை தெரியவில்லை என்று மட்டுமே பொருள்.

செய்தவர்களுக்கே கண்டுபிடிப்பது கடினம் என்பதற்கு 2016இல் வந்த சாம்சங் கேலக்ஸி நோட் 7 ஒன்று போதும். ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது, தீப்பிடிக்கிறது என்று செப்டம்பரில் திரும்பப் பெற்றார்கள், வேறு நிறுவனத்தின் பேட்டரி போட்ட போன்களை மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றிக் கொடுத்தவையும் எரிந்தன. அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். 2017 ஜனவரியில் வெளியிட்ட விளக்கத்தில், சுமார் 700 பொறியாளர்கள் 2 லட்சம் போன்களையும் 30 ஆயிரம் பேட்டரிகளையும் சோதித்த பிறகு சொன்னது: முதல் பேட்டரியில் மேல் மூலையில் தகடு மடங்கிப்போயிருந்தது; இரண்டாவதில் பற்றவைப்பில் பிசிறு நின்றது, சிலவற்றில் காப்பு நாடாவே இல்லை. ஒரே போனுக்கு இரண்டு வெவ்வேறு குறைகள். இந்தியாவில் அது கடைக்கு வருவதற்குள் கதை முடிந்துவிட்டது. அவ்வளவு பெரிய படையே திணறிய வேலை என்பதால், அரை மணி நேரத்தில் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த பையன்மேல் உங்களுக்குக் கோபம் வேண்டாம். அவன் எழுதிய தாள்மேல் மட்டும் கண் இருக்கட்டும்.

தாளைப் பற்றிப் பேசுவதற்கு முன், இன்று இரவே செய்துபார்க்கக்கூடிய சில சோதனைகள். போனை ஃபிளைட் மோடில் வைத்து, வைஃபையை மட்டும் இயக்கி, வாட்ஸ்அப்பில் இருபது நிமிடம் பேசுங்கள். அப்போது அணையாமல், சாதாரண அழைப்பில் மட்டும் அணைந்தால் சந்தேகம் அலைபரப்பும் பகுதியின்மேல் போகிறது. சிம்மை இன்னொரு துளைக்கு மாற்றிப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் சிம் போட்டுப் பாருங்கள். சேஃப் மோடில், அதாவது நீங்கள் ஏற்றிய செயலிகள் ஒன்றும் இயங்காத நிலையில், ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அதிலும் அணைந்தால் "நீங்கள் ஏதோ செயலி ஏற்றியிருக்கிறீர்கள்" என்ற வாதம் அடிபட்டுப் போகும். இன்னொரு போனால் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். வீடியோவின் தொடக்கத்திலேயே *#06# அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் தெரியும்படி காட்டிவிடுங்கள். "இது வேறு போன்" என்று பிறகு யாரும் சொல்ல வழியிருக்காது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். குறைபாடு என்று கவுன்டருக்கு வருபவை எல்லாம் குறைபாடு அல்ல. சார்ஜ் போடும்போது திரை தானாகத் தொட்டுக்கொள்வதாகப் புலம்புவார்கள். பெரும்பாலும் நடைபாதையில் வாங்கிய சார்ஜரின் மின்கசிவு அது. காதில் வைத்தால் திரை கறுத்துத் திரும்ப வருவதில்லை என்பார்கள். தடிமனான கண்ணாடியை ஒட்டிச் சென்சாரை மறைத்திருப்பார்கள். முதல் இரண்டு நாள் சூடாவதும் சார்ஜ் சட்டென்று இறங்குவதும் பழைய போனிலிருந்து படங்களை எல்லாம் இறக்கிக்கொண்டிருப்பதால் இருக்கலாம். உங்கள் வழக்கு இந்த வகையில் சேராது என்று நினைக்கிறேன். ஆனால் அடுத்த முறை போகும்போது கண்ணாடியையும் கவரையும் கழற்றிவிட்டு, பெட்டியில் வந்த சார்ஜரோடு போங்கள். அவர்கள் கைகாட்ட ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது.

இனி ஜாப் ஷீட். உங்களிடம் இருக்கும் இரண்டையும் எடுத்து மேஜையில் விரித்து வையுங்கள். "வாடிக்கையாளர் கூறும் குறை" என்று ஒரு கட்டம் இருக்கும். "கண்டறிந்த குறை", "செய்த வேலை" என்று வேறு கட்டங்கள் இருக்கும். நீங்கள் கவுன்டரில் சொன்னது "பேசும்போது தானாக அணைந்து எழுகிறது". தாளில் அது "ஹேங்" என்றோ "சாஃப்ட்வேர் அப்டேட்" என்றோ மாறியிருக்க வாய்ப்பு அதிகம். யாரும் சதி செய்து மாற்றுவதில்லை. கணினியில் வரும் பட்டியலில் கைக்கு எட்டிய சொல்லைத் தட்டிவிடுவோம், பின்னால் பதினைந்து பேர் டோக்கனோடு நிற்பார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்து இன்னொருவர் படிக்கும்போது, முதல் தாளில் அப்டேட், இரண்டாவதில் ஹேங் என்றிருந்தால், இரண்டும் வேறு வேறு குறைகள், இரண்டும் சரிசெய்யப்பட்டன என்று ஆகிவிடும். ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தது என்பது தாளில் தெரிந்தால்தான் உங்கள் பக்கம் நிற்கும். எனவே கையெழுத்துப் போடுவதற்கு முன் படியுங்கள். உங்கள் சொற்களிலேயே, "மூன்றாம் முறை, அதே குறை" என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் கையெழுத்துக்கு மேலே நீங்களே பேனாவால் எழுதிவிடுங்கள். அதைத் தடுக்க எந்த விதியும் இல்லை.

இன்னொரு கண்ணி உண்டு. "ஐந்து நிமிட வேலைதான், ஷீட் எதற்கு?" என்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள். நான் இருந்த இடத்தில், ஒரே போன் முப்பது நாளுக்குள் திரும்பி வந்தால் எங்கள் மதிப்பெண் குறையும். எனவே திரும்பி வந்ததே பதிவாகாமல் இருப்பது எங்களுக்கு வசதி. நானும் அப்படிச் சிரித்திருக்கிறேன். ஷீட் இல்லாமல் போனை உள்ளே கொடுக்காதீர்கள். போனின் வெளித்தோற்றம் பற்றிய கட்டத்தில் "கீறல் இல்லை, நசுங்கல் இல்லை" என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். சிம் துளைக்குள்ளோ போனின் உட்புறத்திலோ வெள்ளை நிறத்தில் சிறு ஒட்டுத்தாள் இருக்கும். ஈரம் பட்டால் சிவந்துவிடும். அது வெள்ளையாக இருப்பதைக் கவுன்டரிலேயே காட்டச் சொல்லிப் பதிவு செய்துகொண்டால், பிறகு "தண்ணீர் போயிருக்கிறது" என்ற பேச்சு எழாது.

புதிய போன் கேட்கும் உரிமைக்கு வருவோம். வாரண்டி அட்டை உங்களுக்கு வாக்களித்திருப்பது பழுது நீக்கத்தைத்தான்; மாற்றுப் போனை அல்ல. 2006இல் மாருதி கார் ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றமும், வாரண்டி வாசகம் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் சொல்கிறது, காரையே மாற்றித் தருவதாக அல்ல என்று சொல்லியிருக்கிறது. நிறுவனத்தின் வக்கீல் முதலில் எடுத்து வைப்பது பெரும்பாலும் அதைத்தான். வாங்கிய சில நாள்களுக்குள் கெட்டால் மாற்றித் தரும் ஏற்பாடு பல நிறுவனங்களில் உண்டு, டி.ஓ.ஏ. என்று சொல்வார்கள், அதாவது வரும்போதே செத்தது. எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்தக் கணக்கு உங்களுக்குத் தாண்டிவிட்டது என்றால், ஆறாம் நாள் தேதியிட்ட முதல் ஜாப் ஷீட்டைக் காட்டி, "குறையை நான் கெடுவுக்குள்ளேயே சொல்லிவிட்டேன், தாமதம் உங்களுடையது" என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் "பாலிசி இல்லை" என்ற வாய்வார்த்தைதான் பதிலாகக் கிடைக்கும்.

கடைக்காரர் சொன்னது சரியல்ல. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, விற்ற பொருள் குறையுள்ளதாக இருந்தும் அதைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக முறை என்று பிரிவு 2(47)இல் சேர்த்திருக்கிறது. பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள். குறிப்பிடவில்லை என்றால் முப்பது நாளுக்குள். உங்களுக்கு இப்போது பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. பில்லைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் ஏதாவது கெடு அச்சடித்திருக்கிறதா என்பது முக்கியம். இதில் சந்தேகமான இடம் ஒன்று இருக்கிறது: பொருள் குறையுள்ளது என்பதை யார் முடிவு செய்வது? கடைக்காரர் சர்வீஸ் சென்டரைக் காட்டுவார், சர்வீஸ் சென்டர் "குறை இல்லை" என்ற வரியைக் காட்டும். சுற்றிச் சுற்றி மறுபடி அந்தத் தாளுக்கே வந்து நிற்கிறோம்.

எனவே வரிசை இது. கடைக்கும் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் ஒரே மின்னஞ்சல். பில், இரண்டு ஜாப் ஷீட், வீடியோ எல்லாம் இணைத்து, இந்த முப்பது நாள் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்கள் நிறுவனத்தோடு பேசிப் பார்ப்பார்கள். ஆணையிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் கவுன்டரில் அசையாத கோப்பு அந்த ஒரு பதிவில் அசைவதை உள்ளிருந்தே பார்த்திருக்கிறேன். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. குறையை நீக்க, பொருளை மாற்ற, பணத்தைத் திருப்பித் தர, இழப்பீடு தர உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. தேவைப்பட்டால் போனை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும் சட்டம் இடம் தருகிறது. சோதனை தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் வார்த்தை. நான் போய்வந்த வழக்குகள் எதுவும் அதற்குள் முடியவில்லை. தவணையில் வாங்கியிருந்தால், கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்தவருக்குப் போன் ஓடுகிறதா என்பது பொருட்டல்ல.

பெரும்பாலும் இவ்வளவு தூரம் போகாது. மூன்றாம் முறை வீடியோவோடு போனால் போர்டு மாற்றித் தருவதாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், டிரை சால்டர் என்று சந்தேகம் இருக்கும்போது அது நியாயமான தீர்வுதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. போர்டு மாறினால் பெரும்பாலும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் மாறும். பெட்டியிலும் பில்லிலும் பழைய எண், போனில் புதிய எண் என்றாகிவிடும். நாளைக்குப் போன் தொலைந்து போலீசில் புகார் கொடுக்கும்போதும், காப்பீடு கேட்கும்போதும், விற்கும்போதும் இந்த முரண் உங்களைக் குடையும். பழைய எண், புதிய எண் இரண்டும் ஒரே தாளில் இருக்கும்படி சர்வீஸ் சென்டரின் முத்திரையோடு எழுதி வாங்குங்கள். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டி, இடைவெளி விட்டு, புதிய எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்த எண் எந்த மாடலுக்கு உரியது என்று பதில் வரும். கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

அதுவரை போனை வெளியில் யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள். என்னிடமும் கொண்டு வர வேண்டாம். உள்ளே ஒரு திருகின் தலையில் ஒட்டியிருக்கும் சின்னத் தாள் கிழிந்தால், வெளியாள் திறந்தார் என்று கைகாட்டிவிடுவார்கள்; இதுவரை சேர்த்த தாள்கள் எல்லாம் வீண். படங்களையும் தொடர்பு எண்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள். முதுகுப் பக்கம் லேசாகப் புடைத்திருப்பதுபோலத் தெரிந்தால் மட்டும் இந்தச் சோதனைகள் ஒன்றும் வேண்டாம். சார்ஜ் போடாமல், அழுத்திப் பார்க்காமல், நேராகக் கொண்டு போய்க் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் இரண்டு ஜாப் ஷீட்டையும், பெயர், கைபேசி எண், ஐ.எம்.இ.ஐ. எண் மூன்றையும் மறைத்துவிட்டுப் படமாகப் போடுங்கள். "செய்த வேலை" கட்டத்தில் ஒரு சின்னக் குறியீடு இருக்கும். வெறும் சாஃப்ட்வேர் போட்டார்களா, திறந்து பார்த்தார்களா என்று அதிலிருந்து ஓரளவு சொல்ல முடியும்.